வலது காதில் பஞ்சு

இயேசு மரி சூசை துணை

திண்டிவனம்
14-9-86, ஞாயிறு

அன்பு மகன் மாசிலாமணிக்கு அப்பா சவுரிராயன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நான் சுகம். மஸ்கட்டில் நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். அம்மாவும் சுகம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் அடுத்த வரியைக் கை தன்பாட்டில் எழுதிவிடும், இந்த முறை அந்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. பதறாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை, எழுந்து நடமாடுகிறாள், கேப்பைக்கூழ் காய்ச்சுகிறாள், என்னைத் திட்டுகிறாள். விஷயம் வேறு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுமையாகப் படி.

நீ கவுஸ் பாயிடம் கொடுத்தனுப்பிய சாமான் எல்லாம் பத்திரமாக வந்தன. பாவம் மனுஷன், ஊருக்கு வந்த மறுநாளே கோட்டக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார், டீ கூடக் குடிக்கவில்லை. கைக்கடிகாரம் எப்படி என்று கேட்டிருந்தாய். டைம் சுத்தம், தினம் ரேடியோ செய்தியோடு ஒத்துப் பார்த்தேன், ஒரு செகண்டு தப்பவில்லை. ஆனால் முள் இல்லாத கடிகாரம் எனக்குப் பிடிபடவில்லை. முள் இருந்தால் ஷிப்டு முடிய இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணே சொல்லிவிடும், இதில் ஒவ்வொரு தடவையும் மனசில் கழித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, வெயிலில் நின்றால் நம்பரே தெரிவதில்லை. எமர்ஜென்சி விளக்கு நல்ல சாமான், நம் ஊர் கரண்டுக்கு அது இல்லாமல் ஆகாது. எல்லாவற்றிலும் உசத்தி அந்த ஹெட்போன்தான், மேளம் ஒரு காதில் வயலின் ஒரு காதில் என்று பிரித்துக் கொடுக்கிறது, மில்லில் விருத்தாசலம் மேஸ்திரிக்கு மாட்டிவிட்டேன், மிரண்டு போய்ப் பின்னால் திரும்பிப் பார்த்தார். சார்ஜ் ஏறியதும் விளக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நம் வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியும், ரேடியோ கேட்டு முடிந்ததும் செல்லைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும், டார்ச்சில் ஒரு செல்லைத் திருப்பிப் போட்டு வைக்க வேண்டும், வேண்டாத நேரத்தில் தீர்ந்துபோகக் கூடாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இதை அவளுக்கு ஓதிக்கொண்டே இருந்திருக்கிறேன். அது எங்கே வந்து நின்றது என்று பிறகு சொல்கிறேன்.

நாங்கள் பேசி அனுப்பிய போன காசெட்டில் அம்மா ஏன் அப்படிக் கத்திப் பேசுகிறாள், என் மேல் கோபமா என்று நீ எழுதிக் கேட்டிருந்தாய். நான் அதைப் படித்ததும் ரிக்கார்டிங் லெவல் கூடிவிட்டது, மைக்கைக் கிட்டே வைத்தது தப்பு என்றுதான் நினைத்தேன். எனக்கு எது நடந்தாலும் மிஷின் மேல்தான் சந்தேகம் போகும், மனுஷன் மேல் போகாது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவள் முதலில் சொன்னாள், டேப்பு சரியா பேச மாட்டேங்குது, புள்ள குரல் உள்ளார போயிடுது என்று. நான் ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்து, நாடா உரசுகிற ஹெட்டைத் துடைத்தேன். ஸ்க்ரூவைத் திருப்பி நேராக்கினேன். ஸ்பீக்கரையே மாற்றினேன். அப்புறமும் அவள் அதையே சொன்னதால்தான் பழைய செட்டு தேறாது, அஞ்சு பட்டன் ஈக்வலைசர் வைத்த பெரிய செட்டு அனுப்பு என்று உனக்கு எழுதினேன். நீயும் அனுப்பினாய். அது வந்த பிறகு அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான் என்று மில் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன். புள்ள அவ்வளவு தூரத்திலிருந்து அனுப்பியதைக் குறை சொல்லக் கூடாது என்றுதான் அவள் வாயை மூடிக்கொண்டாள் என்று இப்போது தெரிகிறது.

ரெண்டு வாரத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பாய் கொடுத்த உன் புதுக் காசெட்டைப் போட்டேன். அவள் முகம் கழுவிக்கொண்டு, பூசைக்குக் கட்டிய சேலையை மாற்றாமல், செட்டுக்கு எதிரே உட்கார்ந்தாள், உன் காசெட்டு என்றால் எப்போதும் அப்படித்தான். பட்டனை அழுத்திவிட்டு, நீ கேட்டுக்கினு இரு, நான் ஜல்தியா கறி வாங்கினு வந்துர்றேன் என்று கிளம்பிவிட்டேன். நாடா முதலில் கொஞ்ச தூரம் சும்மா ஓடும் என்பதால் சத்தம் வராததை நான் பெரிதாக எடுக்கவில்லை. அரை மணி கழித்து வந்து பார்க்கிறேன், செட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, வீட்டில் ஒரு சத்தம் இல்லை. முந்தின நாள் நான் பாட்டுக் கேட்ட ஹெட்போன் பின்னால் சொருகியபடியே கிடந்தது, அது சொருகியிருந்தால் ஸ்பீக்கர் பேசாது, உனக்குத் தெரியும். அம்மா அந்தக் கண்ணாடிக்குள் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டுகிறாள், சிரிக்கிறாள், முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். கறிப் பையோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். என்னைப் பார்த்ததும் நான் கேட்காமலே சொன்னாள், நல்லா துன்றானாம், உன்ன விசாரிச்சான், கிறிஸ்துமசுக்கு வர்றானாம் என்று.

நான் போய் ஹெட்போன் வயரைப் பிடுங்கினேன். உன் குரல் வீடு முழுக்க வந்தது. அவள் திரும்பவே இல்லை, சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பங்கரையில் தண்ணீர் குடிக்கப் போவது போல் போய் நின்று அழுதேன் மாசிலாமணி. அப்புறம் அவள் குளத்துப் பக்கம் போனபோது சுற்றி விட்டு முதலிலிருந்து கேட்டேன். இந்த வருஷம் கிறிஸ்துமசுக்கு வர முடியாது, அப்பா கேட்ட கலர் டிவியும் வீடியோ டெக்கும் வாங்கணும், அதனால் கம்பெனியில் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு அக்டோபர் கடைசியில் கையெழுத்துப் போடப்போறேன், அம்மா கோச்சிக்காதே என்று நீ சொல்லியிருக்கிறாய். அதைக் கேட்டுத்தான் அவள் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன்.

மறுநாளே லீவு போட்டு அம்மாவை விழுப்புரத்துக்கு உன் அக்கா அம்மணி வீட்டுக்கு அழைத்துப் போனேன், அவள்தான் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் இருக்கிறது, கிட்டே போய்ப் பேசினால் பிடிக்கிறது, அதுவும் வருஷத்துக்குள் போய்விடும் போலத்தான் தெரிகிறது என்றார். என்ன வேலை பார்த்தாங்க என்று கேட்டார். எங்கள் கடலை மில்லில் மல்லாட்டை உடைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் பருப்புப் புடைத்தாள் என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த மிஷினுக்கு ஃபிட்டர் நான். பெல்ட்டு தளர்ந்தால் ரோட்டில் வரும்போதே சொல்லிவிடுவேன், பேரிங் வறண்டால் மறுநாள் கத்தப்போவது எனக்கு இன்றைக்கே கேட்கும், சவுரிராயன் காது மாதிரி ஜில்லாவில் காது இல்லை என்று முதலாளியே சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து சோறு போடுகிறவளுக்கு நான் சொல்வது கேட்கவில்லை என்பது இந்தக் காதுக்குத் தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்பாவிட்டால் திமிரு என்று எத்தனை தரம் ஏசியிருக்கிறேன்.

காது மிஷின் ஒன்று அங்கேயே மாட்டிப் பார்த்தோம், ஜாக்கெட்டில் சொருகுகிற சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். அதைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டால் அது பேச்சையும் பெருக்குகிறது, தட்டு விழுவதையும் பெருக்குகிறது, எதை விட வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. அஞ்சு நிமிஷத்தில் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டாள், மில்லுக்குள்ளயே திரும்பவும் போன மாதிரி கீது என்றாள். நீ இதைவிட நல்ல மாடல் அங்கே தேடி அலையாதே. தேடுவாய், என் பிள்ளைதானே, அதனால்தான் முன்னாடியே சொல்கிறேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்கு நெஞ்சில் நிற்கிறது. முந்தாநாள் அவள் வலது காதில் பஞ்சு வைத்திருப்பதைப் பார்த்தேன். நான் ஹெட்டைத் துடைக்க வைத்திருந்த பஞ்சு. சீழ் வருகிறதா என்று ஜாடையில் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, நீ தானே சொல்லுவே, தேவையில்லாதப்போ செல்ல கழட்டி வையி, தீந்து பூடும்னு, டாக்டரு கொஞ்சம்தான் பாக்கி கீதுன்னாரு, அத புள்ள வர்ற வரைக்கும் எடுத்து வச்சிக்கினு இருக்கேன், நீ பேசறத கேட்டு இன்னா ஆவப்போவுது என்று சொல்லிச் சிரித்தாள். காலையில் எழுந்ததும் புதுசு மாற்றி வைக்கிறாள், தூங்கும்போதுகூட எடுப்பதில்லை. கோயில் பாட்டையும் கேட்பதில்லை. காது செல் இல்லடி, வச்சிருந்தாலும் போவும், இப்பவே கேட்டுக்கோ என்று பக்கத்தில் போய்க் கத்தினேன். பஞ்சு இருந்ததால் அதுவும் கேட்கவில்லை. பிடுங்கப் போனேன், கையைத் தட்டிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சட்டத்தை இந்த வீட்டில் போட்டவன் நான்தானே, நான் என்ன சொல்லி அதை எடுப்பேன்.

அதனால் கேள். கலர் டிவி வேண்டாம், டெக் வேண்டாம். பச்சைமுத்து வீட்டுக் கறுப்பு வெள்ளையில் கொசு பறக்கிற மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, நம் வீட்டில் கலரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், மாடல் நம்பர் வரைக்கும் எழுதியனுப்பினேன். ஆசை இன்னும் போய்விடவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காக நீ கையெழுத்துப் போட்டால் இந்தக் கிழவனால் அந்தப் பெட்டி முன்னால் ஒரு நாளும் உட்கார முடியாது. கையெழுத்துப் போடாதே. இது அப்பா உன்னிடம் கேட்கிற கடைசி சாமான் என்று வைத்துக்கொள். கவுஸ் பாய் அங்கே திரும்பி வர வரும் வியாழன் பம்பாய் போகிறார், இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், தபாலை நம்பவில்லை. காசெட்டு இனி அனுப்பாதே. அவள் கேட்டால் புள்ளைக்கு வேலை பேஜாரு, நேரில் வந்து பேசுவான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

வெயிலில் மொட்டை மாடியில் ஏறி ஏசி மாட்டும்போது தலையில் ஈரத்துண்டு கட்டிக்கொள். வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னை முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், நீ தொட்ட வேலை துலங்கட்டும், என் ஆயுசில் பாதி உனக்கு இருக்கட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்று கூப்பிடாதே, அவளுக்குக் கேட்காது, நீ வந்தது தெரியாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். நேராக உள்ளே போய் அவளுக்கு வலப்பக்கமாக உட்கார். பஞ்சை உன் கையால் எடு. கத்தாதே, கத்தினால் கோபம் என்று நினைத்துக்கொள்வாள். கிட்டே வாய் வைத்து அம்மா என்று ஒரு தரம் சொல்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
மி. சவுரிராயன்

அம்மா இருதயமேரி பக்கத்தில்தான் இருக்கிறாள். நீ இன்னா எழுதற, அவன ஒண்ணும் வாங்கினு வரச்சொல்லாத, வெறுங்கையா வரச்சொல்லு என்கிறாள். கொஞ்சம் கத்தித்தான் சொல்கிறாள்.