எல்லாவற்றுக்கும் ஓம்

மே 11, திங்கள்

குளிர். கையுறை வீட்டில். லசீன் ஆற்றங்கரை, சூரியன் இன்னும் வரவில்லை. இவருடைய கமராவோடு நான்.

பங்குனியில் இவருக்குப் பாரிசவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போனதிலிருந்து கமரா அலுமாரிக்குள் கிடந்தது. நாரை எழும்புவதைப் படம் எடுக்க எத்தனை வருடம் விடியப்புறம் இங்கே ஓடிவந்த மனுசன். நான் திட்டாத நாள் இல்லை. இப்போது அவர் படுக்கையில், நான் சேற்றில். பழகின விஷயங்களைக் காட்டினால் சொல் திரும்பலாம் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை சொன்னாள்.

ஒரு நாரை எழும்பியது. அழுத்தினேன். வெறும் வானம். அடுத்தது, இரண்டு கால் மட்டும். இதைவிடக் கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடித்திருக்கலாம்.

மத்தியானம் மறுவாழ்வு நிலையம். விழுத்திவிடுவார் என்ற பயத்தில் கமராவை நானே பிடித்துக் காட்டினேன். நல்லா இருக்கோ என்று கேட்டேன். "ஓம்." கூடாதோ? "ஓம்." மிஞ்சியிருக்கும் ஒரே சொல். முந்தி என்றால் இப்படிப் பிழைத்த படத்தை நின்ற இடத்திலேயே அழிப்பார். குப்பைத்தொட்டிப் பொத்தான், இரண்டுதரம், டிக் டிக். பேச்சுக்கு இடமே இல்லை.

வாங்க: பால், கறிவேப்பிலை, இவருக்குக் காலுறை.

மே 13, புதன்

மழை. ஆற்றுக்குப் போகவில்லை. முழங்கால் நோ.

பயிற்சிப் பிள்ளை ஓர் ஆண்பிள்ளையின் படத்தைக் காட்டினாள். இவர் "ஓம்" என்றார். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பிராவோ!" பிரெஞ்சில் ஆண்பிள்ளைக்குச் சொல்லுவதும் கிட்டத்தட்ட ஓம்தான். அடுத்தது பூனை. "ஓம்." கரண்டி. "ஓம்." பாவம், சிரிப்பு வாடிப்போச்சு.

என் பிரெஞ்சு பொன்ஜூர், மெர்சியோடு முடிந்துவிடும். என்றாலும் விளங்கப்படுத்தினேன்: எங்கள் மொழியில் "ஓம்" என்றால் ஆமாம், உங்கள் "வீ". அவள் இரண்டுதரம் சொல்லிப் பார்த்து, எழுதி, கட்டில் தலைமாட்டில் ஒட்டினாள். எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்கு வந்து நல்ல தேத்தண்ணி ஒன்று போட்டுக் குடித்தேன்.

மே 15, வெள்ளி

வெயில். வெயில் இருந்து என்ன.

டோர்வலில் வேலையில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற நேரம் லவாலில் இருந்து மகள் தர்சினியின் போன். முதியோர் இல்லத்துக்குப் போகச் சம்மதமா என்று நிலையத்துக்காரர் இவரிடமே கேட்டார்களாம். "ஓம்." தலைமாட்டில் ஒட்டின துண்டைப் பார்த்திருப்பார்கள். ஓம் என்றால் வீ. படிப்பித்தவள் நான்தானே. என் வாயில் மண்.

"அம்மா, அப்பாதானே ஓம் எண்டு சொல்லிப்போட்டார். நாங்கள் இனி என்ன செய்யிறது?"

"சாகப்போறீங்களோ எண்டு கேட்டாலும் அந்த மனுசன் ஓம் எண்டுதான் சொல்லும், பிள்ளை."

அழுதாள். நானும் தட்டுகளுக்கு நடுவில் நின்று அழுதேன். அவளில் பிழை இல்லை. நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி, வெளியே சுற்றிச் சுற்றி ஏறுகிற இரும்புப் படி, பனிக்காலத்தில் நானே தவழ்ந்துதான் ஏறுவேன். இவரை யார் தூக்குவது? அவளுக்குச் சின்னப்பிள்ளை, கார்தெரிக் காப்பகம், வேலை. எல்லாம் நியாயம். நியாயத்தை வைத்து நான் என்ன செய்ய?

மே 16, சனி

இல்லத்தைப் பார்க்கப் போனோம். துப்புரவு. குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் கோபம். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். தமிழ்க் குரல் ஒன்றும் காதில் விழவில்லை. அங்கே இவருடைய "ஓம்" யாருக்கு?

கமரா பையில் இருந்தது. இவருக்குக் காட்டவென்று அறையை ஒரு படம் எடுத்தேன். அசையாத சாமான் எவ்வளவு வடிவாக வருகிறது.

மே 17, ஞாயிறு

காற்று. நாரை காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் எழும்பும் என்று இவர் சோற்றுக் கோப்பைக்கு முன்னாலும் பிரசங்கம் வைப்பார். இன்றைக்குத்தான் கேட்டேன். காற்றும் சூரியனும் முதுகில் பட நின்றேன். தண்ணீரை உதறிக்கொண்டு ஒன்று நேராக என்னை நோக்கி எழும்பித் திரும்பியது. அழுத்தினேன். செட்டை, மடித்த கழுத்து, பின்னால் நீட்டின கால், எல்லாம் உள்ளே. ஒரு கல்லில் குந்திக் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன்.

நேரே நிலையம். இன்று கமராவை இவருடைய இடக்கையிலேயே கொடுத்தேன்.

கால் மட்டும் விழுந்த படம். நல்லா இருக்கோ? "ஓம்." பெருவிரல் மூலைப் பொத்தானுக்குப் போனது. டிக் டிக். படம் இல்லை. கை தவறிப் பட்டது என்று நினைத்தேன். வெறும் வானம். "ஓம்." டிக் டிக்.

இன்றைய நாரை. "ஓம்." விரல் அசையவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

அறைப் படத்துக்குத் தள்ளினேன்.

"இஞ்சேருங்கோ, இந்த அறைக்குப் போக விருப்பமோ?"

"ஓம்."

டிக் டிக்.

அறை போய், அடுத்த படமாக நாரை வந்து நின்றது.

தர்சினிக்கு உடனே போன் எடுத்தேன். விரல் தற்செயலாகப் பட்டிருக்கும் என்றாள். பேந்து, சரி அம்மா, அந்த அறைப் படத்தை அனுப்புங்கோ, நிலையத்தில் காட்டிக் கேட்டுப் பார்ப்போம் என்றாள்.

எந்தப் படத்தை அனுப்ப? அவர்தான் அழித்துவிட்டாரே.