நாலாம் அறைக்காரரின் நிறை

ஜூலை 8, ஞாயிறு

விடியவே கச்சான் காற்று. காயப்போட்ட விரிப்பு இரண்டு பறந்து போய் முருங்கையில் மாட்டிக்கொண்டன. ஒன்று கிழிசல். திரும்பத் துவைத்து, தைத்து, உள்ளே கொடி கட்டிப் போட்டது.

விடுதியில் ஆறு அறையும் நிறைவு. இந்தக் காற்றுக்குத்தானே வெள்ளைக்காரர் கற்பிட்டிக்கு வருகிறார்கள். எனக்கு மூத்தவர் நானா, அவர்களுக்குக் கைட் பிடித்துக் கடலில் சறுக்கப் பழக்குகிறார். உம்மா குசினியில் சமையல். நான் அறைகள், துவைப்பு.

நாலாம் அறைக்கு வந்திருக்கும் அமெரிக்கர் கைட் பக்கமே போவதில்லை. பெயர் டேல். இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டும் கால் வெளியே. வாசலால் வரும்போது தலையைக் குனிந்து, தோளையும் திருப்பி வருகிறார். வலது முழங்காலில் நீளத் தையல் அடையாளம். கைவிரல் இரண்டு வளைந்து போய், அப்படியே நிற்கிறது. காலையும் மாலையும் ஐஸ் வைக்க வேண்டும்.

உம்மா: "மீனுக்கு வச்ச ஐஸெல்லாம் அந்தாள்ட முழங்காலுக்குப் போகுது. இனி மீனப் பழுதாக்கித்தான் தின்னணும்."

என்னைக் கண்டால் ஏதோ கேட்கிறார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேன்.

ஜூலை 9, திங்கள்

வெயில், காற்று. துவைத்த துவாய் 14.

நானா போனில் டேல் தொழிலாக விளையாடுகிற விளையாட்டைக் காட்டினார். எங்கள் புட்போல் இல்லை. பந்து முட்டை வடிவம். தலையில் கோப்பை, தோளில் பலகை. ஒருவரை ஒருவர் மாடு மாதிரி முட்டுகிறார்கள்.

"பந்தோட ஓடுறவனத்தான் சனம் பார்க்கும்," என்றார் நானா. "இவர்ட இடம் ஓரத்தில. டைட் எண்ட் எண்டு பேர். மற்றவன மறிச்சுப் பிடிக்கணும். சில நேரம் பந்து இவருக்கும் வரும், அதையும் பிடிக்கணும்."

உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "அப்ப ரெண்டாள் வேலைக்கு ஒராள். ஒருத்தரும் பாக்கவும் மாட்டாங்க. எங்களப் போலத்தான்."

படத்தில் தேடினேன். எல்லாரும் கைதட்டும்போது அவர் ஆட்குவியலுக்கு அடியில் கிடந்தார். எழும்ப நேரம் எடுத்தது.

நானா சொன்னது: கடைசியாக இருந்த அணி இவரை நிற்பாட்டிவிட்டது. அதற்கு முன்னும் மூன்று ஊர் மாறியவர். இப்போது வேறொரு அணி இந்த மாதக் கடைசியில் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறது. ஆனால் 115 கிலோவுக்குக் குறையக் கூடாதாம். குறைந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்களாம். இவருக்கோ இங்கே வந்த கிழமையே வயிற்றோட்டம். மெலிந்து போனார். இது தவறினால் இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். வேறு தொழிலும் தெரியாதாம்.

பாவமாக இருந்தது. இரவு துஆவில் அவரையும் சேர்த்தேன். சேர்க்கலாமோ தெரியாது.

ஜூலை 10, செவ்வாய்

பிடித்த மீனை விற்கப் போன வாப்பாவுக்குச் சோறு கொண்டு ஹாஜியாரின் கருவாட்டு வாடிக்குப் போனேன். அங்கே கூட்டம். நானா டேலை ஓட்டோவில் கூட்டி வந்திருந்தார். மூட்டை நிறுக்கிற பெரிய தராசு ஊரில் அங்கேதான். விடுதியில் இருந்த சின்னதில் ஏறினாராம், கண்ணாடி வெடித்துவிட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கருவாடு புரட்டுகிற பெண்களெல்லாம் எழும்பி வந்து பார்த்தார்கள்.

ஹாஜியார்: "என்ன தம்பி, இது ஐஸ் போட்ட மீனா, போடாத மீனா?"

"கெதியா எறக்குங்க ஹாஜியார், வெயில்ல காஞ்சா நிறை குறஞ்சிரும்," என்று ஒரு மாமி.

106.

எல்லாரும் ச்சு ச்சு என்றார்கள். ஹாஜியார் அவருக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டே குடித்தார். ஓட்டோவில் போகும்போது பாட்டு வேறு. அவர்கள் ஊரில் கவலைக்கும் சிரிப்பார்களாக்கும்.

ஜூலை 11, புதன்

உம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "என்ட சோத்தத் தின்டு ஒருத்தரும் மெலிஞ்சதில்ல."

இன்றைக்கு நாலாம் அறைக்குப் போனவை:
காலை: ரொட்டி 9, முட்டை 6, பருப்பு, வாழைப்பழம் ஒரு சீப்பு
பத்து மணிக்கு: பாண் ஒரு றாத்தல், மீன் சம்பல்
பகல்: சோறு மூன்று கோப்பை, கணவாய், கோழி
மாலை: வட்டிலப்பம் (ஆறு பேருக்குச் செய்தது)
இரவு: இடியப்பம், எண்ணவில்லை

எல்லாம் முடித்தார். விருப்பத்தோடு இல்லை. மருந்து குடிக்கிற முகம். கழுவ எடுக்கப் போனபோது கண்ணை மூடிக்கொண்டு கதிரையில். முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். நான் நிற்பதைக் கண்டு கையை எடுத்துவிட்டார்.

ஜூலை 12, வியாழன்

இன்று வாடியில் டேலைத் திரும்ப நிறுத்தார்களாம். அதே 106.

உம்மா குசினியில் சட்டியைப் போட்ட சத்தத்தில் பூனை ஓடியது.

நானா சொன்னார், டேல் சனிக்கிழமை அமெரிக்காவுக்குப் போன் எடுத்து, தான் வரவில்லை என்று சொல்லப் போகிறாராம். அவருக்காக அணிகளோடு கதைக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், அவரிடம். "நான் முயற்சி செஞ்சன், உடம்பு ஏறல்ல, என்ன செய்ய," என்று சொல்லிச் சிரித்தாராம். அறையை இன்னும் மூன்று கிழமைக்குக் கேட்டிருக்கிறார்.

அசர் தொழுகைக்குப் பிறகு வாப்பா வந்தார். கடல் கொந்தளிப்பு, உள்பக்கக் களப்புத் தண்ணியில்தான் வலை. கால் கழுவிக்கொண்டே உம்மாவிடம், "நல்ல மீன்தான். ஆனா இண்டைக்கும் தராசுக்கு நல்ல பசி."

கொண்டு வந்த தேத்தண்ணியைக் கொடுக்காமல் கீழே வைத்துவிட்டேன்.

ஹாஜியாரின் தராசு தின்னும். பத்துக்கு ஒன்று. இது ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும். களவு என்று ஒருவரும் சொல்வதில்லை. கச்சான் காலத்தில் பிடிபாடு இல்லாதபோது ஐஸும் எண்ணெயும் தருகிறவர் அவர்தான், அதற்குத் தராசு தன் பங்கை எடுக்கிறது, அவ்வளவுதான். எல்லாரும் மனதுக்குள் கூட்டிக்கொள்வார்கள். அப்படிக் கூட்டிக் கூட்டிப் பழகி, அது பிழையான தராசு என்பதே எங்களுக்கு மறந்து போயிருக்கிறது. அங்கே நின்ற அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

நானாவிடம் ஓடினேன்.

"அது மீனுக்கெல்லோ," என்றார்.

"தராசுக்கு மீனெது மனிசனெது நானா?"

நானா மனதுக்குள் கணக்குப் பார்த்தார். 106 என்று காட்டினால் உள்ளது 117க்கும் மேலே. பிறகு முகம் மாறியது. "நான் சொல்லமாட்டன். வெள்ளக்காரன் போய் அங்க சத்தம் போட்டா வாப்பா மீன எங்க கொண்டு போற? புத்தளத்துக்கா?"

"அப்ப அவர்?"

"நீ வாயப் பொத்து. இல்லாட்டியும் நீ எங்க கதைக்கிற."

அது உண்மைதான். ஆனாலும் சுட்டது.

உம்மாவிடம் சொன்னேன். உம்மா முதலில் ஏசினா. பிறகு, "அவருக்கும் ஒரு உம்மா இருப்பா," என்றா. பிறகு வாப்பாவிடம் போய்ச் சொன்னா. வாப்பா வலை தைக்கிற ஊசியில் நூல் கோர்த்தார். பிறகு, ஒருவரையும் பார்க்காமல்:

"ஜும்ஆ நேரம் வாடியில ஒருத்தரும் இருக்கமாட்டாங்க."

ஜூலை 13, வெள்ளி

ஆண்கள் எல்லாரும் ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசல் போன பிறகு. நானாவும் போய்விட்டார். ஒன்றும் தெரியாத மாதிரி, அத்தர் பூசிக்கொண்டு.

குசினியில் இன்னும் உடைக்காத அரிசி மூட்டை ஒன்று. வெளியே 25 கிலோ என்று அச்சு. நாலாம் அறைக் கதவைத் தட்டினேன். என்ன சொல்வதென்று இரவெல்லாம் மனப்பாடம். கதவு திறந்ததும் எல்லாம் பறந்துவிட்டது. மூட்டையைக் காட்டினேன். அவரைக் காட்டினேன். வாடிப் பக்கம் கையைக் காட்டினேன். "கம்," என்றேன். எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன்.

மூட்டையைத் தலையணை மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். முன்னால் நான், நடுவில் அவர், பின்னால் குடை பிடித்தபடி உம்மா. "யாரும் கண்டா அரிசி நிறுக்கப் போறம் எண்டு சொல்லு. பொய்யுமில்ல."

வாடியில் நாய் மட்டும். கருவாட்டுக்கு மேல் வலை மூடியிருந்தது. மூட்டையைத் தராசில் வைக்கச் சொன்னேன்.

22ஐத் தாண்டி அரைவாசியில் முள் நின்றது.

அவர் குனிந்து பார்த்தார். மூட்டையில் உள்ள 25ஐத் தொட்டார். முள்ளைப் பார்த்தார். மூட்டையைத் தூக்கித் திரும்ப வைத்தார். அதே. பிறகு தானே ஏறினார். 106. போனை எடுத்துக் கணக்குப் போட்டார்.

நான் சிரிக்க ஆயத்தமாக நின்றேன். உம்மாவும்தான். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாயெடுத்துவிட்டா.

அவர் சிரிக்கவில்லை. மீன் பெட்டியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்தார். பெட்டி நெரிந்தது. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அழவில்லை. மூச்சு மட்டும் பெரிது பெரிதாக. முழங்காலில் குத்தினார். ஒரு தரம், திரும்ப ஒரு தரம்.

உம்மா மெல்ல, "புள்ள, இந்தாளுக்குப் போக விருப்பமில்ல."

அப்போதுதான் விளங்கியது. 106 என்று கண்டபோது ஏன் சிரிப்பும் பாட்டும் வந்தன என்று.

திரும்பி வரும்போது மூட்டையை அவரே சுமந்தார். இந்த முறை பாரமாகத் தெரிந்தது.

பகல் சோறு அப்படியே திரும்பி வந்தது.

ஜூலை 14, சனி

மேகம். காற்று குறைவு. கைட்காரர் எல்லாரும் சும்மா குந்தியிருந்தார்கள்.

நாலாம் அறை திறக்கவில்லை. ஐஸ் வைத்துவிட்டு வந்தேன், வாசலிலேயே உருகித் தண்ணியாகிக் கிடந்தது. போன் எடுக்கவில்லையாம்.

நானா: "பாத்தியா? மனிசன் நிம்மதியா இருந்தான். உனக்கேன் தேவையில்லாத வேல?"

விரிப்புகளை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனேன்.

துவைத்துக்கொண்டே யோசித்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றது உம்மா வருத்தம் வந்து படுக்கையில் கிடந்ததால் என்று எல்லாருக்கும் தெரியும். உம்மா மூன்று மாதத்தில் எழும்பிவிட்டா. நான் திரும்பிப் போகவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை. வகுப்பில் எழும்பி நின்று வாசிக்கச் சொல்வார்களே, அந்தப் பயம் இன்னும் ஞாபகம். உம்மாவின் வருத்தம் அன்றைக்கு எனக்கு எவ்வளவு வசதி.

யாரும் வந்து அதைத் தராசில் வைத்துக் காட்டியிருந்தால் நானும் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

சவர்க்காரம் முடிந்தது. வாங்க வேண்டும்.

ஜூலை 15, ஞாயிறு

காலை துவைக்கும் கல்லடிக்கு அவரே வந்தார். இந்த முறை ஓடவில்லை. கை முழுக்க நுரை, எங்கே ஓடுவது. எதிரே மணலில் உட்கார்ந்தார், உட்காரவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகக் கதைத்தார். விளங்கியவை: முழங்கால். பத்து வயதில் இருந்து. பயம். பிறகு ஏதோ நீளமாக. கடைசியில் தேங்க் யூ. முகத்தில் சந்தோசம் இல்லை, ஆனால் பொய்க்குச் சொல்கிற மாதிரியும் இல்லை.

விளங்கியது என்று தலையாட்டி ஓம் என்றேன். தமிழில். அவரும் "ஓம்," என்றார்.

பின்னேரம் சிக்னலுக்காகப் படகு இழுக்கிற மேட்டில் ஏறி நின்று போன் எடுத்தார். நானா பக்கத்தில் கைட் சுருட்டிக்கொண்டு நின்றார். வந்து சொன்னது:

"நிறை சரி எண்டு சொன்னார். நூத்திப் பதினேழு இருக்கன் எண்டு. மற்ற ஆள் அங்க சத்தம் போட்டுச் சந்தோசப்படுறது எனக்கே கேட்டுது. அதுக்குப் பிறகுதான், 'நான் வரல்ல. முழங்கால் ஏலாது, மனசும் ஏலாது' எண்டார். அந்தாள் கத்துறான். இவர் போன வைக்கல்ல. முழுக்கக் கேட்டுட்டு, 'சொரி' சொல்லித்தான் வச்சார்."

"அழுதாரா?"

"தெரியா. நான் அந்தப் பக்கம் பாக்கல்ல."

மஃரிபுக்குப் பிறகு வாப்பா வந்து குந்தினார். ஹாஜியார் தராசு பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். தேத்தண்ணி கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "உங்கட ஆள் என்னவாம், போறாராமா?"

"இல்லையாம் வாப்பா."

"நிறை சரியெண்டு தெரிஞ்சுமா?"

"ஓம் வாப்பா. தெரிஞ்சதாலதான் உண்மையச் சொன்னார்."