புல்லரிக்கும் உருண்டை

மார்ச் 4, செவ்வாய்

பேத்தியிடம் நாலாவது தடவையாகக் கேட்டு எழுதிக்கொண்டேன்: புல்லரீன். "ஃபு, பாட்டி, ஃபு!" என்கிறாள். எனக்குப் புல்லரிக்கத்தான் செய்கிறது, அப்படியே இருக்கட்டும். அறுபது கார்பன் அணுக்கள் கைகோத்த உருண்டை, பார்க்க அச்சு அசல் கால்பந்து. அது சிலிக்கான் தகட்டில் எப்படி ஒட்டுகிறது என்பதுதான் ஐந்து வருஷமாக அவள் ஆராய்ச்சி. கீழ்வீட்டுத் தையல்காரரிடம் சொன்னேன். "ஒட்டுதா இல்லையான்னு பாக்க அஞ்சு வருஷமா?" என்றார். பொறாமை!

மார்ச் 7

வாய்மொழித் தேர்வு ஒத்திகையில் சொதப்பிவிட்டாளாம். அவளுடைய பேராசிரியர் கேட்டாராம்: "ரெண்டும் சிலிக்கான்தான். ஒண்ணுல ஒட்டுது, ஒண்ணுல உருளுது. ஏன்?" நாக்கு எழவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதாள். "தெரியும் பாட்டி, சத்தியமா தெரியும்." உண்மையான தேர்வு இருபத்தேழாம் தேதி. அன்றும் வாயடைத்தால் டாக்டர் பட்டம் அவ்வளவுதான்.

கையில் ஏதாவது இருந்தால்தான் இவளுக்குப் பேச்சு வரும். சின்னதிலிருந்தே கரண்டியை ஆட்டி ஆட்டித்தான் கதை சொல்லுவாள். குரோஷா ஊசியை எடுத்துவிட்டேன்.

மார்ச் 8

அவள் புத்தகத்து உருண்டைப் படத்தில் ஆறு மூலைக் கட்டங்களுக்கு நடுவே அங்கங்கே ஐந்து மூலை. வரைந்தவனுக்கு என்ன அவசரமோ. எல்லாவற்றையும் ஆறாகவே பின்னித் திருத்திவிடுகிறேன்.

மார்ச் 13

முப்பத்திரண்டு கட்டமும் பின்னி இணைத்தாயிற்று. மூடமாட்டேன் என்கிறது! இழுக்க இழுக்க விரிகிறது. இது பந்தா, பாயா?

பேத்தி பார்த்தாள். சிரித்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்தப் பன்னெண்டு அஞ்சு மூலைதான் பாட்டி வளைக்குது! அது இல்லேன்னா தட்டைதான்." ஆறு நாள் கழித்து அந்தச் சிரிப்பு.

ஐந்து இருந்தால்தான் பந்தாம். என் ஐந்தாம் வகுப்புப் படிப்பைப் பற்றி இனி எவராவது வாயைத் திறக்கட்டும், பார்க்கிறேன்.

மார்ச் 14

பாய் வீணாகவில்லை, அதுதான் சிலிக்கான் தரை! மேலே இருக்கிற அணுவுக்கெல்லாம் பிடிக்க ஆளில்லாமல் ஒரு கை நீட்டிக்கொண்டே இருக்குமாம். உருண்டை வந்தால் விடாதாம். கைக்கு எங்கே போவது? தையல்காரரிடம் கொக்கி கேட்டேன். "எத்தனை?" "ஒரு தரைக்கு ஆகிற அளவு." முறைத்துவிட்டுக் கொடுத்தார்.

மார்ச் 22

மூன்று பந்து முடிந்தது. பாய்க்கு ஒரு பக்கம்தான் கொக்கி. விரல் வீங்கிப் போச்சு. மறுபக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

மார்ச் 26

நாளைக்கு. மூன்று பந்தும் பாயும் பையில் இருக்கிறதா என்று நாலு தடவை பார்த்தாயிற்று. அவள் இல்லை, நான்.

மார்ச் 27

தேர்வு நடந்த அறையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பந்தைப் பாயில் அமுக்கினாள், கொக்கி கவ்வியது. மூன்றாவதை அவற்றின் மேல் வைத்துப் பாயை உதறினாள். "சூடு பண்ணா மேல இருக்கறது போயிடும். தரையைப் பிடிச்சது போகாது." மேல் பந்து உருண்டு, வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வந்த பெரியவரின் நாற்காலிக்கடியில் போயிற்று. அவரே குனிந்து எடுத்தார். எடுத்தவர் சும்மா இருக்கக் கூடாதா? அதே கேள்வி! "சில சிலிக்கான்ல உருண்டுடுதே, ஏன்?"

பாயைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள் — சட்டென்று புரட்டிப் போட்டாள்!

"அந்தப் பந்தைக் குடுங்க சார்." வாங்கி, கொக்கியில்லாத பக்கத்தில் வைத்தாள். உருண்டே போயிற்று. "இங்க எல்லாக் கையையும் ஹைட்ரஜன் பிடிச்சு வெச்சிருக்கு. பந்தைப் பிடிக்க ஒரு கைகூட மிச்சமில்ல சார்." அதற்கப்புறம் அவள் பேச்சை நிறுத்தத்தான் முடியவில்லை!

என் சோம்பலுக்குக் கைதட்டல், கடவுளே.

"யாரும்மா பின்னினது?" என்றார் பெரியவர். அவள் என்னைக் காட்டினாள். நான் எழுந்து நின்று, என்ன செய்தேன் தெரியுமா, "உள்ளேன் ஐயா" என்றேன்.

மார்ச் 30

காலையிலேயே தையல்காரர் வாசலில். "டாக்டரம்மா இருக்காங்களா? முழங்கால் பிடிச்சுக்கிச்சு."

"எங்க டாக்டர், எது ஏன் பிடிச்சுக்கிச்சுன்னுதான் சொல்லுவா," என்றேன். "விடுவிக்கிறதுக்கு வேற ஆளைப் பாருங்க."