பதினேழாம் பாத்தி

மார்ச் 4

அன்புள்ள வாலு,

ஐஸ் பெட்டியில் இருபத்து நான்கு பாத்திகளின் கம்பு இலைகளை அனுப்பியிருக்கிறேன். கடிதம் மூடிக்கு அடியில். உன் ஆய்வக உதவியாளர் பிரித்துப் படித்தால் படிக்கட்டும், நம் கதைதான் ஊருக்கே தெரியுமே.

வறட்சிச் சோதனைக்காகத் தண்ணீரை நிறுத்தி இருபது நாள் ஆகிறது. மற்ற பாத்திகளெல்லாம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்க, பதினேழு மட்டும் பச்சையாகச் சிரிக்கிறது. வீட்டில் உன் நாற்காலி மேல் கதிருக்கு மாட்டும் காகித உறைகளைக் குவித்து வைத்திருக்கிறேன். வந்து திட்டிவிட்டுப் போயேன்.

உன் கம்புக்காரன்

மார்ச் 15

கம்புக்காரருக்கு,

இலைகள் வாடாமல் வந்து சேர்ந்தன. ஐஸை இவ்வளவு அடைத்தால் என் விரல்கள்தான் வெடிக்கின்றன.

பதினேழில் புரோலின் அமிலம் மற்றவற்றைவிட மூன்று மடங்கு. உடனே குதிக்காதீர்கள். வறட்சியில் தாங்கும் செடியும் அதைச் சேர்க்கும், தவிக்கும் செடியும் சேர்க்கும். இதே இலையில் செல்சவ்வு கிழிந்து உப்பு கசிகிறது, அது தவிப்பின் அடையாளம். இந்த ஒன்றை நம்பி மற்ற பாத்திகளைக் கழித்துவிடாதீர்கள்.

நாற்காலியில் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையை மட்டும் வேளைக்குப் போடுங்கள்.

வாலு

ஏப்ரல் 20

அன்புள்ள வாலு,

உன் பேச்சைக் கேட்கவில்லை. பதினேழை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அறுத்துத் தீவனத்துக்குக் கொடுத்துவிட்டேன். இன்று கதிரை உருவினேன். உள்ளங்கை நிறைய உமி. ஊதிப் பார்த்தேன், ஒரு மணிகூட மிஞ்சவில்லை.

வரப்பில் உட்கார்ந்து அழுதேன், கம்புக்காக இல்லை. மூன்று வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து நீ கூப்பிட்டபோது, "இன்னும் நாலு கதிருதான், மகரந்தம் தூவிட்டு வந்துடறேன். நாளைக்கு விட்டா பருவம் போயிடும்" என்றேன். "பரவாயில்ல, முடிச்சிட்டே வாங்க" என்றாய். நான் வந்தபோது, பிறந்த அன்றே போய்விட்ட நம் பெண்ணைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். அதற்கப்புறமும் நீ ஒரு சொல் சொல்லவில்லை. மறு வாரமே வேலைக்குக் கிளம்பினாய். "அவ கெட்டிக்காரி, தாங்கிக்கிட்டா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துத் திரிந்தேனே! பதினேழையும் உன்னையும் ஒரே மாதிரி தப்பாகப் படித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். என்னோடு வந்துவிடு.

உன்னுடைய முட்டாள்

ஏப்ரல் 24

கம்புக்காரருக்கு,

வர வேண்டாம்.

நான் "பரவாயில்ல" என்றதை நம்பாமல் ஓடி வருவீர்கள் என்று நினைத்தேன். கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நம் பெண்ணுக்கு அப்படியே உங்கள் காது. இதை உங்களிடம் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

இப்போது உங்கள் மேல் கோபம் இல்லை. கோபம் இருந்தவரை என்றைக்காவது திரும்பி வருவேன் என்ற நினைப்பும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே போய்விட்டன. எனக்கும் அழுகையாகத்தான் வருகிறது.

அடுத்த விதைப்பின் இலைகளை அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். அது வேலை. பெட்டியில் கடிதம் மட்டும் வைக்காதீர்கள். படித்த அன்று முழுக்க அளவு தப்பிப்போகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 9

ஆய்வகப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

புதிய விதைப்பின் கம்பு இலை மாதிரிகள் இருபத்து நான்கு அனுப்பப்பட்டுள்ளன. புரோலின் அளவோடு செல்சவ்வுக் கசிவையும் பார்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இம்முறை எந்தப் பாத்தியும் கழிக்கப்படவில்லை.

பெட்டியில் கம்பளிக் கையுறை ஒரு ஜோடி உள்ளது. ஐஸைத் தொடுபவர் போட்டுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கம்பு இனவிருத்திப் பிரிவு