கிணற்றடியில் வைத்த சிக்குப் பழம்

3 மார்ச் 1958

குஞ்சு, இன்றைக்கும் இலை காலி.

படையலைக் காக்காய் எடுத்தால்தான் போனவர்கள் சாப்பிட்டதாக அர்த்தம் என்பார்கள். நம் தோட்டத்துக்குக் காக்காயே வருவதில்லை. உன் பதினாறாம் நாள் சோற்றை எறும்புதான் தின்றது. அதற்குப் பிறகுதான் தேக்கா மார்க்கெட்டில் சிக்குப் பழம், ஊரில் சப்போட்டா என்பார்களே, அதை வாங்கி, தோல் சீவி, பொழுது சாயும்போது கிணற்றடியில் வைக்க ஆரம்பித்தேன். விடிந்தால் பழம் இருக்காது. பாண்டான் இலை வாசனை மட்டும் நிற்கும். உன் தலையணைக்குள் வைப்பேனே, அதே வாசனை.

வேறு யார் வரப் போகிறார்கள்? நீதான்.

விதை எடுத்துக் கொடுப்பது உங்கப்பா வேலை. தொண்டையில் மாட்டிக்கொள்ளும் என்று பயப்படுவார். இப்போது அவர் சிக்குப் பழத்தைத் தொடுவதே இல்லை. நான் விதையோடுதான் வைக்கிறேன்.

7 மார்ச், வெள்ளி

கிணற்றடி சிமெண்டில் பீ கிடந்தது. கறுப்பாக, விரல் நீளத்துக்கு. பூனையா? பூனை மண்ணைத் தள்ளி மூடுமே. நாயென்றால் இப்படியா இருக்கும்? குச்சியால் கிளறினேன்.

உள்ளே சிக்கு விதை. பளபளவென்று, முழுசாக.

குச்சியைக் கீழே போட்டேன்.

8 மார்ச்

பக்கத்து வீட்டு ருக்கையா வேலிக்கு இந்தப் பக்கம் வந்து பார்த்தாள். "பீயைக் கிளறி ஜோசியம் பாக்குறவள இப்பத்தான் பாக்குறேன்" என்று சிரித்தாள். பிறகு குனிந்து, "இது மூசாங் லா, தங்கம். மரநாய். பழத்த முழுங்கும், விதை அப்படியே வந்துடும். அது வந்துட்டுப் போனா பாண்டான் வாசம் அடிக்குமே, ஒனக்குத் தெரியாதா?"

வாசமுமா?

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் என்னத்தச் சொல்லிட்டேன்?" என்றாள். எப்படிச் சொல்றது? எம் புள்ள வந்து சாப்பிடுதுன்னு இருந்தேன், நரகலக் காட்டி இல்லேன்னுட்டியேடின்னா?

9 மார்ச்

உங்கப்பாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். "கூண்டு வச்சுப் புடிச்சிரட்டுமா?" என்றார். வேண்டாம், அது என்ன பாவம் செய்தது என்றேன்.

பழம் வைக்கவில்லை.

12 மார்ச்

வைக்கவில்லை. வாசனையும் இல்லை. பகலில் படுத்தால் நீ ஏதோ மரத்திலிருந்து இறங்கி வருகிற மாதிரி இருக்கிறது. கால் தரையில் படுவதற்குள் விழித்துவிடுகிறேன்.

16 மார்ச்

சாயங்காலம் துணி எடுக்கப் போனேன். கிணற்றடியில் உங்கப்பா குந்தியிருந்தார். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்த சட்டைகூட மாற்றவில்லை. முன்னால் வாழையிலைத் துண்டு, அதில் சிக்குப் பழம்.

"மூசாங்குக்கா?" என்று கேட்டேன்.

"ம்" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் உள்ளே போன பிறகு கிட்டே போய்ப் பார்த்தேன். பழம் நாலாகப் பிளந்திருந்தது. விதை ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் எடுத்துக் கிணற்றுச் சுவரில் ஓரமாக வைத்திருந்தார்.

17 மார்ச்

இலை காலி. பாண்டான் வாசனை.

விதையில்லாத பழத்தை யார் சாப்பிட்டதென்று இனி எதைக் கிளறிப் பார்த்துத் தெரிந்துகொள்வேன், குஞ்சு?