நேரத்துக்கு வராத ‘மூடு’

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். இந்த வாரம் அதைப் பொய்யில்லாமல் எழுத முடிகிறது.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா தடுத்திருந்தார். பட்டறையில் அவர் பாட்டில் நிரப்பும் குழாயில், தரை கழுவும் திரவம் சில பாட்டில்களில் பொங்கி வழிந்தது. வைத்தியத்துக்குப் பிறகு நின்றிருந்த கை நடுக்கம் திரும்பிவிட்டது, பாட்டிலைச் சரியாக வைக்கவில்லை என்று அவரே முடிவு கட்டிவிட்டார். வீட்டில் டம்ளரைப் பாதிதான் நிரப்பச் சொல்வார். அம்மா கவனிக்காத மாதிரி இருப்பாள். வேலையை விடுவதாக முதலாளியிடம் சொல்லவும் கிளம்பிவிட்டார்.

பக்கத்தில் லேபிள் ஒட்டுகிற எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. உன் புரோகிராமை வைத்துக் குழாயைத் திறந்து மூடுகிறதே, அதே கம்ப்யூட்டரில் கணக்கு அக்கா பில் அடிக்கும்போதுதான் வழிகிறது. சொல்ல வாய் வரவில்லை; என்னைப் பற்றி உனக்குத் தெரியுமே. எலக்ட்ரீஷியன் அத்தையின் பின்னாலேயே பூனை மாதிரி சுற்றினேன். அவர் திரும்பி, “என்னடி வாயாடி, இன்னைக்காவது வாயைத் திறப்பியா?” என்றார். திறந்துவிட்டேன்.

அத்தை அப்பாவைக் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்கச் சொன்னார். பாட்டிலைத் தானே வைத்தார். கணக்கு அக்காவை வரிசையாகப் பில் அடிக்கச் சொன்னார். அப்போதும் ஒன்று வழிந்தது.

“உங்க கையில ஒண்ணுமில்லண்ணே. இந்தக் கம்ப்யூட்டர் பொட்டிக்கு நூறு வேலை. குழாயை ‘மூடு’ன்னு சொல்ற நேரத்துல பில்லைப் பார்க்கப் போயிடுது. முக்காவாசி நேரம் சரியா சொல்லும், ஆனா வாக்குக் கொடுக்காது” என்றார். வயரில் பழுதில்லையாம். வேகமான கம்ப்யூட்டர் வாங்கினாலும் என்றைக்காவது தாமதிக்குமாம். அதனால் குழாய் பக்கத்திலேயே, வேறு வேலை எதுவும் இல்லாத ஒரு சின்ன மின்சுற்று போர்டை மாட்டியிருக்கிறார். எவ்வளவு நிரப்ப வேண்டும் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொன்னால் போதும். அளந்து மூடுவது போர்டின் பொறுப்பு. அதற்கேற்ப உன் புரோகிராமை மாற்றி அனுப்பு. அதுவரை கணக்கு அக்கா பில்லைக் கையால் எழுதுகிறார். என்னைப் பார்த்தாலே முறைக்கிறார்.

உன் புரோகிராம்தானே என்று மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அப்பாவுக்கு வருத்தமே இல்லை. நேற்று எல்லோருக்கும் அவரே டீ ஊற்றினார், விளிம்பு வரை. அம்மா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உறையை மட்டும் கிழித்துப் போட்டுவிடாதே, அண்ணா. முகவரியை அப்பா தன் கையாலேயே எழுதியிருக்கிறார்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கும்,
உன் வாயாடி