கண்காணிப்பாளர் வருகையும் ஏழாம் கட்டிலின் தலைமாடும்

அனுப்புநர்:
ஏழாம் கட்டில் சிறுமியின் தாத்தா
(ஓய்வுபெற்ற நில அளவையாளர்),
குழந்தைகள் வார்டு.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
குழந்தைகள் மருத்துவமனை.

பொருள்: தாங்கள் பார்வையிட வரும்போது வார்டு அழகாக இருப்பதைச் சற்றுக் குறைத்துக்கொள்ளக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய மருத்துவர் ஐயாவுக்கு வணக்கம்.

1. ஒன்பது வயதான என் பேத்தி மூளைக்காய்ச்சலால் நினைவு தெளியாமல் படுத்திருக்கிறாள். "மூளை வீங்கியிருக்கு தாத்தா, மண்டை ஓடு விரிஞ்சு கொடுக்காது. தலைமாடு முப்பது டிகிரி உயர்ந்தே இருக்கணும். அப்பதான் அழுத்தம் குறையும்" என்று இளம் மருத்துவர் அம்மா விளக்கினார். அவளுடைய பள்ளிப் பையிலிருந்த பாகைமானியால் அளந்தேன். சரியாகவே இருந்தது. எனக்குக் கண்ணில் புரை உண்டு என்பதால் மருமகனையும் அளக்கச் சொன்னேன்.

2. காலையில் தாங்கள் வருவதற்குமுன் வார்டு மேற்பார்வையாளர் கைப்பிடியைச் சுழற்றி எல்லாக் கட்டில்களின் தலைமாட்டையும் இறக்கிவிடுகிறார்; தாங்கள் சென்ற பிறகே மீண்டும் உயர்த்துகிறார். "பெரிய டாக்டர் வர்றார். ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னு கிடந்தா சந்தைக்கடை மாதிரி இருக்கும்" என்பது அவர் கருத்து. நான் பாகைமானியைக் காட்டினேன். "பெரியவரே, இது என்ன வயலா, அளந்து கல்லு நடுறதுக்கு?" என்றார். நன்றி கூறித் திரும்பினேன். "சண்டை போடத்தானேப்பா அனுப்பினேன்!" என்று என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

3. அவர் கெட்டவர் அல்லர். போர்வைகளை அவ்வளவு பதமாக இழுத்துவிடுவதும் அவரே. தவிரவும், நேற்று தாங்கள் வாசலில் நின்று, "கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குய்யா" என்று பாராட்டிவிட்டீர்கள். ஆகவே இன்று இன்னும் முன்னதாகவே இறக்கிவிட்டார்.

4. இன்று பேத்தி முனகினாள், வாந்தியெடுத்தாள், பிறகு கூப்பிட்டும் விழிக்கவில்லை. தங்கள் பின்னால் வந்த அதே இளம் மருத்துவர் அம்மா, தாங்கள் அடுத்த வார்டுக்குள் நுழைந்ததும் ஓடிவந்து கட்டிலை உயர்த்தி மருந்து ஏற்றினார். "யார் இறக்கினது?" என்று என்னைத்தான் திட்டினார். மேற்பார்வையாளர் அருகில் நின்றபடியால் நானே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மாலையில் அவள் என் விரலைப் பிடித்தாள். நாளைக் காலையை நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். கையெழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்தருளவும்.

5. ஆகவே, கட்டில்கள் மேலும் கீழுமாகக் கிடப்பதே தங்களுக்குப் பிடிக்கும் என்று மேற்பார்வையாளர் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொல்ல வேண்டுகிறேன். அது தங்கள் கண்ணுக்கு ஒவ்வாது எனில், துணிந்து எழுதுகிறேன்: அவள் கண் விழிக்கும்வரை தாங்கள் எங்கள் வார்டுக்கு வராமலிருந்து உதவ வேண்டும்.

இடம்: ஏழாம் கட்டிலருகே
நாள்: வியாழக்கிழமை மாலை

தங்களைத் தொந்தரவு செய்ததற்கு வருந்தும்,
(கையொப்பம்)
சிறுமியின் தாத்தா